பச்சையாகவே எரிந்த விளக்கு

கல்லூரியில் தான் என்ன வேலை செய்கிறோம் என்பதை ஹஸீனா தன் மாமியார் ரசியா பேகத்துக்குப் பல முறை விளக்கிப் பார்த்தாள். கடைசியில், "பசை காய்ச்சுறேன் மாமி" என்று சுருக்கிக்கொண்டாள். ரசியா பேகம் அதை அப்படியே கோட்டக்குப்பத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். "எம்.எஸ்ஸி. படிச்சிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி, பசை காய்ச்சுது எம் மருமவ. நம்ம வூட்டு அடுப்புல காய்ச்சினா ஆவாதா?"

அது பொய்யும் இல்லை. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஹஸீனா ஆராய்ச்சி உதவியாளர். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கையில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை செய்வதுதான் அந்த ஆராய்ச்சி. வியர்வையில் எவ்வளவு உப்பு இறங்குகிறது என்று பட்டை பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு தாங்குகிற அளவுக்குள் இருந்தால் அதிலுள்ள பொட்டு விளக்கு பச்சையாக எரியும். மீறினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அந்தப் பட்டையில் வழக்கமான சிலிக்கான் சில்லு கிடையாது. மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்கை மைபோலக் கரைத்து மெல்லிய தாளில் அச்சடித்திருந்தார்கள். கசக்கினாலும் உடையாது, செலவும் குறைவு. ஆனால் அந்த பிளாஸ்டிக்கால் தனியாக எதுவும் செய்ய முடியாது. அதன்மேல் ஒரு ஜெல் வேண்டும். வியர்வையின் செய்தியை, மின்னேற்றம் கொண்ட துகள்களாக, அந்த ஜெல்தான் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுபோகும். வெயிலில் காயாத, உருகாத, வழியாத ஒரு ஜெல்லைக் கண்டுபிடிப்பது ஹஸீனாவின் பொறுப்பு.

முதலில் செய்தது தண்ணீர் கலந்த ஜெல். பார்ப்பதற்குக் கடற்பாசி போல அழகாக இருந்தது. கல்லூரி மொட்டைமாடியில் வைத்தால் மத்தியானத்துக்குள் அப்பளம் போலச் சுருண்டுகொண்டது. கிளிசரின் சேர்த்துப் பார்த்தாள், கொஞ்சம் தாமதமாகச் சுருண்டது. ஒரு வருடம் அதிலேயே போனது. பிறகுதான் தண்ணீரை முழுவதும் விட்டுவிட்டு, அடுப்பில் வைக்காமலேயே திரவமாக இருக்கிற ஒருவகை உப்பைப் பிடித்தாள். அது ஆவியாகாது. அதைப் பாலிமரில் ஊறவைத்துச் செய்த ஜெல், ஓவனில் எண்பது டிகிரியில் வாரக்கணக்கில் கிடந்தும் அப்படியே இருந்தது.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் விருத்தாசலம் அந்த ஓவன் சோதனையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தானே பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். மூட்டுவலிக்காரர். விண்ணப்பித்த நான்கு திட்டங்களில் மூன்று திரும்பி வந்து, இது ஒன்றுதான் நின்றிருந்தது.

"எண்பது டிகிரி, ஹஸீனா! மரக்காணத்துல என்ன, நாப்பது இருக்குமா? பாதிதான்" என்றார்.

ஹஸீனாவும் சிரித்தாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் கணவன் முஜிபுர் ரஹ்மான் ரியாத்தில் கட்டடங்களின் மாடியில் ஏசி குழாய் பொருத்துகிற வேலையில் இருந்தான். ஊர் முழுக்க ஏசி மாட்டிவிட்டு அவன் மட்டும் வெயிலில் நிற்பான். விடுமுறைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஹமீத் திரும்பிப் போகும்போது, பேராசிரியரிடம் கேட்டுவிட்டு, சில பட்டைகளைக் கொடுத்தனுப்பினாள்.

"ஓவன்ல வெச்சுப் பாத்துட்டு, அடுத்து என்மேல ஒட்டிப் பாக்கறியா?" என்று போனில் முஜிபுர் கேட்டான்.

"ஓவன் பதில் பேசாது. நீங்க பேசுவீங்க இல்ல" என்றாள் ஹஸீனா.

அவன் ஒட்டிக்கொண்டான். தினமும் வேலை முடிந்து பட்டையைப் படம்பிடித்து அனுப்பினான். பட்டை வழியவில்லை, சுருங்கவில்லை. படத்தில் விளக்கும் ஒழுங்காக எரிந்தது.

இந்தத் தைரியத்தோடுதான் ஆனி மாதம் உப்பளத்துக்குப் போனார்கள். பட்டை ஒட்டிக்கொள்ளச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். அதில் பவுனு என்பவள் ஹஸீனாவோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள். நாற்பதைத் தாண்டியவள், கடலோரக் குப்பத்துக்காரி. கணவன் படகில் போவான், இவள் உப்பு வாருவாள். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, நீண்ட கழியில் மாட்டிய பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்துக் குவிப்பது வேலை. மற்றவர்கள் பட்டையை மறைத்துக் கட்டியபோது பவுனு மட்டும் ரவிக்கைக் கைக்குக் கீழே தெரியும்படி ஒட்டச் சொன்னாள்.

"இது பச்சையா எரிஞ்சா நானு நல்லா இருக்கறேன்னு அர்த்தம். அதானே?"

"ஆமாங்க்கா. செகப்பு வந்தா ஒடனே நிறுத்திடணும்."

"செகப்பு வந்தா மேஸ்திரிகிட்ட காட்டி ஒக்காந்துக்கலாம். இல்லன்னா அந்த ஆளு நம்ப மாட்டான்" என்றாள் பவுனு.

முதல் சில நாட்கள் வேலைக்கு நடுவே சிவப்பு வந்தது. பவுனு கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது ஹஸீனாவுக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த காலமெல்லாம் வீணில்லை என்று தோன்றியது.

பிறகு ஒருநாள், அதுவரை மேற்கிலிருந்து வறண்டு வீசிய காற்று அடங்கிவிட்டது. மேகம் மூடியிருந்தது, வெயில்கூட அவ்வளவு இல்லை. ஆனால் ஆகாயம் ஈரத் துணியைப் போர்த்தியது போல இருந்தது. எல்லாருடைய பட்டையும் பச்சையாக எரிந்தது. பவுனு பலகையை இழுத்துக்கொண்டே இருந்தாள். கரையில் கணினியோடு உட்கார்ந்திருந்த ஹஸீனாவுக்கும், பட்டைகள் அனுப்பிய எண்கள் சரியாகவே தெரிந்தன. திடீரென்று பலகை விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பவுனு பாத்தியின் உப்புத் தண்ணீரில் பக்கவாட்டில் கிடந்தாள். பெண்கள் ஓடித் தூக்கினார்கள். உடம்பு கொதித்தது, கண் செருகியிருந்தது. தூக்கிய கையில் பட்டை பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஹஸீனா தன் துப்பட்டாவை நனைத்து நனைத்து அவள் கழுத்தில் போட்டுக்கொண்டே போனாள். நல்லவேளையாக, ஐஸ் கட்டி வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலத்துக்குள் பவுனு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தல சுத்திச்சு கண்ணு. எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் அவள், தண்ணீரைக் குடித்துவிட்டு. "கையப் பாத்தேன். பச்ச எரியுது. அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா ஒடம்பு நடிக்குதுன்னு நெனச்சிக்கினு இழுத்துக்கினே இருந்தேன்."

ஹஸீனாவால் அங்கே நிற்க முடியவில்லை. பட்டை இல்லாமல் இருந்திருந்தால், தலை சுற்றியபோதே பவுனு உட்கார்ந்திருப்பாள். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் அவள் எல்லாப் பட்டைகளையும் திரும்ப வாங்கிவிட்டாள். பேராசிரியர் அவளைத் திட்டவில்லை. "வெயில்தானே அவங்களைச் சாய்ச்சுது, பட்டை இல்லையே" என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் அவளுக்கு எரிச்சலைத்தான் தந்தது. பவுனுவின் பட்டையிலிருந்த ஜெல்லை ஓவனில் வைத்தாள். எண்பது டிகிரியில் அது சமர்த்தாக உட்கார்ந்துகொண்டு, போட்ட உப்புக்கெல்லாம் சரியான கணக்குச் சொன்னது. திரும்ப வைத்தாள். திரும்பவும் சரி. தொண்ணூறு டிகிரி. சரி. அவளுக்கு அந்த ஓவனைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போடலாம் போல இருந்தது. குறை எங்கே என்று காட்டாத பொருளோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? வீட்டுக்குப் போனால் ரசியா பேகம், "இன்னாடி, பசை இன்னும் பதம் வரலயா?" என்பார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஹஸீனாவுக்கு அதுகூடத் தைத்தது.

அந்த நாட்களில்தான் முஜிபுர் போன் செய்தான். குரலில் உற்சாகம்.

"ஏய், நேத்து உன் பட்டை செகப்பு எரிஞ்சுதுடி! மாடில நின்னுக்கினு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தோணல. சரி, உன்கிட்ட திட்டு வாங்கணுமேன்னு எறங்கி வந்துட்டேன். எறங்கி ஒக்காந்த பிறகுதான் கை காலெல்லாம் நடுங்குது. மேலயே இருந்திருந்தா கத வேறயா போயிருக்கும். ரூம்ல இருக்கறவங்கெல்லாம் எங்களுக்கும் ஒண்ணு கேளுன்றானுங்க."

ஹஸீனாவுக்கு மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னாள். சொன்ன கையோடு கோபமும் வந்தது.

"அங்க மட்டும் எப்படி எரியுது? ஐம்பது டிகிரில ஒழுங்கா இருக்கறது, இங்க முப்பத்தாறுல ஏன் பொய் சொல்லுது?"

"என்னைக் கேட்டா? நீதான பசை காய்ச்சுறவ" என்று சிரித்தான் முஜிபுர். பிறகு, "இங்க சூடு வேற மாதிரி. வேர்க்கறதே தெரியாது. சட்டைய நனைச்சுக் கொடில போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா காஞ்சிருக்கும். நம்மூர்ல மாதிரி நசநசன்னு பேஜாரு கெடையாது" என்றான்.

அவன் அதன்பிறகு பேசியது எதுவும் ஹஸீனாவின் காதில் விழவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில், ஜெல்லை ஓவனில் வைக்கவில்லை. தராசில் எடை பார்த்துவிட்டு, ஒரு டப்பாவில் வெந்நீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். சாப்பிட்டுவிட்டு வந்து திரும்ப நிறுத்தாள். எடை கூடியிருந்தது. விரலால் தொட்டால் கொழகொழவென்று நகர்ந்தது. கருவியில் மாட்டிப் பார்த்தபோது, எவ்வளவு உப்பு ஊற்றினாலும் குறைவாகவே காட்டியது.

ஜெல் தண்ணீரைக் குடித்திருக்கிறது. வியர்வையை அல்ல, காற்றிலுள்ள ஈரத்தை. ஆவியாகக் கூடாது என்று அவள் தேடிப் பிடித்த அந்த உப்பே மரக்காணத்துக் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி நீர்த்துப்போயிருந்தது. நீர்த்துப்போன ஜெல்லுக்கு எல்லாமே நீர்த்ததாகத்தான் தெரியும். அதனால்தான் பச்சை. பவுனுவின் பட்டையும் ஓவனுக்குள் போனவுடன் குடித்த ஈரத்தையெல்லாம் விட்டுவிட்டு நல்ல பிள்ளையாகிவிட்டது.

காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இல்லை. இத்தனை நாளாக வெயிலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், எதிரி அது இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் வெறுத்துப்போகாது? ஜெல்லைச் சுற்றி ரப்பர் போல ஒரு மூடி போட்டுப் பார்த்தாள். ஈரம் உள்ளே போகவில்லை, வியர்வையும் போகவில்லை. வியர்வையைத் தொடாத பட்டை எதற்கு? வியர்வைக்கு வாசலைத் திறந்தால் காற்றும் சேர்ந்து வந்தது. தண்ணீரை ஒட்டவிடாத வேறொரு உப்பு இருந்தது, ஆனால் அதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். கேட்டு எழுதிப் போட்டார்கள். கல்லூரி அலுவலகம் மூன்று கம்பெனியின் விலை வேண்டும் என்றது. அதைச் செய்வதே ஒரு கம்பெனிதான் என்றால், "விலையை ஒப்பிடாம எப்படி வாங்குறது?" என்று அவர்களும் நியாயமாகத்தான் கேட்டார்கள். காகிதம் போவதும் வருவதுமாக மழைக்காலம் வந்துவிட்டது.

அதற்குள் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் வந்தது. கோடை வெப்பத்திலிருந்து தொழிலாளரைக் காப்பது பற்றி, திட்டத்துக்கு உதவி செய்கிறவர்களும் அதிகாரிகளும் கூடுகிறார்கள், பட்டையைச் செய்து காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். பேராசிரியர் ஹஸீனாவையும் பவுனுவையும் கல்லூரி காரில் அழைத்துப் போனார். வர மாட்டேன் என்றுதான் முதலில் பவுனு சொன்னாள். பிறகு, விழுப்புரத்தில் தன் தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தாள்.

அந்த அரங்கில் ஏசி ஐஸ் போல இருந்தது. ஈரமே இல்லாத காற்று. மேடையில் பவுனுவின் கையில் புதுப் பட்டையை ஒட்டி, விருத்தாசலம் அதன்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். பச்சை சிவப்பானது. கைதட்டினார்கள். இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். இன்னொரு முறையும் ஆனது. எண்பது டிகிரி வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர், "எப்ப எல்லாருக்கும் குடுக்கலாம்?" என்று கேட்டார்.

விருத்தாசலம் பதில் சொல்லும் முன்பு ஹஸீனா ஒலிபெருக்கியை எடுத்தாள். "சார், இது இந்த ஹால்ல வேலை செய்யும். உப்பளத்துல செய்யாது. காத்துல ஈரம் இருந்தா தப்பா பச்சை காட்டும். இவங்க அதனாலதான் விழுந்தாங்க" என்று பவுனுவைக் காட்டினாள்.

கேட்டவர் தலையாட்டினார். "நல்லது. சின்னச் சின்னக் குறை எல்லாத்துலயும் இருக்கும். சரி பண்ணிடுங்க" என்றார். டீ வந்தது. அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, யாரும் மேலே கேட்கவும் இல்லை. அவள் பல இரவு மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், பிஸ்கட் தட்டுகளுக்கு நடுவே காணாமல் போனது. அடுத்த வாரம் ஒரு செய்தித்தாளில், வெயிலைத் தாங்கும் பட்டை உப்பளத்துக்கு வருகிறது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். திட்டம் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து திரும்பும்போது, பவுனுவைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, விருத்தாசலம் விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டார்.

"நான் அங்க ஏதாவது பொய் சொன்னேனா?"

"இல்ல சார்."

"வரைபடம் பொய்யா?"

"இல்ல சார். எல்லாம் உண்மைதான். அதான் சார் ஆத்திரமா வருது" என்றாள் ஹஸீனா. "உண்மையைச் சொல்லிட்டே அவங்களை விழவெச்சிருக்கோம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தத் திட்டம் நின்னா உனக்கு வேலை இல்ல. இன்னும் ரெண்டு பேருக்கு இல்ல. அந்தப் பட்டையைச் சரி பண்றதுக்கும் ஆள் இல்ல. நான் அதையும் பாக்கணும்மா."

"பாருங்க சார். ஆனா சரியாகற வரைக்கும் விளக்கு வேணாம். விளக்கை எடுத்துடலாம். கணக்கு மட்டும் நம்ம கம்ப்யூட்டருக்கு வரட்டும். அவங்க கையில பச்சை எரிய வேணாம்."

"விளக்கு இல்லாத பட்டையைக் காட்டினா யார் கைதட்டுவாங்க?" என்றார் விருத்தாசலம். வண்டி திண்டிவனத்துக்குள் நுழையும்போது, "சரி, எடுத்துடு" என்றார்.

முஜிபுரின் அறைத் தோழர்களுக்கு அவள் பட்டை அனுப்பவில்லை. அங்கே காற்று ஒருநாள் மாறினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அவனையும் பட்டையைக் கழற்றிவிட்டு, தலை சுற்றினால் உட்காரச் சொன்னாள். அவனுக்கு வருத்தம்தான். "நல்லா வேலை செய்யறத ஏன்டி வேணாம்ன்ற?" என்று கேட்டான். சில நாட்கள் அவர்கள் பேச்சு சாப்பாட்டு விசாரிப்போடு நின்றது.

கேட்ட உப்பு பங்குனியில் ஒரு சின்னப் புட்டியில் வந்து சேர்ந்தது. சித்திரையில் புது ஜெல் தயாரானது. வெந்நீர் டப்பாவில் வைத்தால் எடை கொஞ்சமாகத்தான் கூடியது. விளக்கில்லாத பட்டைகளை எடுத்துக்கொண்டு ஹஸீனா உப்பளத்துக்குப் போனாள்.

பவுனு பாத்தியில் நின்றபடியே, "வா கண்ணு" என்றாள். பட்டையைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். "வாணாம். உன் மேல எனக்குக் கோவம் கெடையாது. நீ துப்பட்டா நனைச்சுப் போட்டத நா மறக்கல. ஆனா அத ஒட்டிக்க மாட்டேன்."

"இதுல வெளக்கே இல்லக்கா."

"வெளக்கு இல்லன்னா எனக்கு அதால இன்னா?"

அவள் கேட்டது சரிதான். மற்ற பெண்களும் பவுனுவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். ஹஸீனா கரையில் கொஞ்ச நேரம் பட்டைகளை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸேறிக் கோட்டக்குப்பம் போய்விடலாம். யாரும் ஒட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பேராசிரியர்கூட ஒன்றும் கேட்க மாட்டார். பையைத் திறந்தாள். ஒரு பட்டையை எடுத்துத் தன் கையிலேயே ஒட்டிக்கொண்டாள். சல்வாரை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, சும்மா கிடந்த ஒரு பலகையை எடுத்தாள்.

"இன்னா பண்ற?" என்று கத்தினாள் பவுனு.

"நானே வாருறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? கால்ல எங்கயாவது வெட்டுக் காயம் இருந்தா உப்பு தின்னுடும். ஏய், அப்படிப் புடிக்காத, இடுப்பு போயிடும். கழிய கக்கத்துல வெச்சி இழு."

ஹஸீனா இழுத்தாள். பலகை நினைத்ததைவிடக் கனம். உப்புத் தண்ணீர் கணுக்காலில் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் வியர்வை இறங்கி எதிரே வெள்ளையாகவே தெரிந்தது. பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பவுனு மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்து, "ஒக்காரு, போதும்" என்றாள். தலை கிறுகிறுத்தபோது ஹஸீனா உட்கார்ந்தாள். பவுனு தன் பாட்டிலை நீட்டினாள்.

கணினியைத் திறந்து பார்த்தபோது, பத்து மணி வரைக்கும் கணக்கு சரியாக இருந்தது. போன வருடத்துப் பட்டை தாங்கியதைவிட அது அதிக நேரம்தான். அதற்குமேல் கோடு மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. அவள் உட்கார்ந்த நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் பவுனு.

"பத்து மணி வரைக்கும் பரவால்லக்கா."

"பத்து மணிக்கு அப்புறந்தான் எங்களுக்குக் கஷ்டமே."

"தெரியும்" என்றாள் ஹஸீனா, பல்லைக் கடித்துக்கொண்டு. பட்டையைப் பிய்த்து எடுத்தாள். அடியில் தோல் சிவந்திருந்தது. அதையும் சரிசெய்ய வேண்டும். விளிம்பில் வேறு ஏதாவது போட்டுப் பார்க்கலாமா, ஜெல்லை இன்னும் மெலிசாக ஊற்றினால் என்ன என்று யோசித்துக்கொண்டே சாலைக்கு நடந்தாள். கல்லூரி வழியாகப் போகிற திண்டிவனம் பஸ் கூட்டத்தோடு வந்து நின்றது. உப்புக் காய்ந்த காலோடு படியில் தொற்றிக்கொண்டாள்.